ஊர்க் கத்தரிக்காய் ஊர்ப் பள்ளிக்கு வந்த வழி

ஒட்டன்சத்திரத்திலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றினேன். 2016 ஜூன் மாதத்தில் ஒரு நாள், வழக்கம்போல் காய்கறி வாங்குவதற்காகப் பேருந்தில் ஒட்டன்சத்திரம் சென்று, எப்போதும் வாங்கும் சில்லறைக் கடையில் கத்தரிக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, காய் வந்த சாக்கின் மேல் நீல மையில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டன. அவை எங்கள் பள்ளிக்கு நான்கு வயல் தள்ளித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய மண்டிக் குறி. அவர் முந்தின நாள் மாலையில் பறித்து, சரக்கு வண்டியில் ஏற்றி, கமிஷன் மண்டியில் ஏலத்துக்கு வைத்த காயை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்ந்த விலையில் நான் வாங்கி, பேருந்துக்குச் சுமைக்கூலியும் கொடுத்து, அது புறப்பட்ட ஊருக்கே திருப்பி எடுத்து வந்துகொண்டிருந்தேன். மறுநாள் அடுப்பேறுவதற்குள் காய்க்கு ஒன்றரை நாள் வயதாகிவிடும். அந்தப் பயணத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்ததும், அதற்காக எட்டு ஆண்டுகள் செய்து பார்த்ததும், அதில் தவறியதும்தான் இங்கே எழுதப்படுகின்றன. வேறு ஊர்களில் இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில், எதை வாங்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் சத்துணவு மையங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை நுகர்பொருள் வாணிபக் கழகம் அனுப்புகிறது. முட்டை ஒப்பந்தம் மூலம் வருகிறது. எனவே ஊரில் நெல் விளைகிறது, கோழி வளர்கிறது என்பதால் அவற்றை நேரடியாக வாங்கிவிட முடியாது. அமைப்பாளரின் கையில் இருப்பது காய்கறி, தாளிதப் பொருள்கள், எரிபொருள் ஆகியவற்றுக்கான உணவூட்டுச் செலவினம் மட்டுமே. அது சிறிய தொகைதான். ஆனால் அந்தச் சிறிய தொகைக்குள் ஒரு பெரிய அளவு அடங்கியிருப்பதைக் கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி என்பது விதிமுறை. எங்கள் பள்ளியில் அப்போது முதல் பிரிவில் 118 பேரும் இரண்டாம் பிரிவில் 94 பேரும் படித்தார்கள். எல்லோரும் வந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கிலோ. 220 நாள்களுக்கு 2,850 கிலோ. ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடம் ஆண்டுக்கு மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் காய்கறி வாங்குகிறது என்பதை அந்த ஊரின் உழவர்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஊர்க் கூட்டத்தில் படித்ததே நான் செய்தவற்றுள் முதல் உருப்படியான காரியம்.

ஆயினும் தொடக்கம் தவறாகவே அமைந்தது. சாக்கில் குறி போட்டிருந்த அந்த உழவரிடமே நேராகச் சென்று கேட்டேன். இரண்டு ஏக்கரில் கத்தரி போட்டிருந்தார். நல்ல மனிதர், உடனே ஒப்புக்கொண்டு ஒரு வாரம் கொண்டு வந்தும் கொடுத்தார். இரண்டாவது வாரம் அவருடைய மனைவி வந்து, "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ஆள் விட்டு ஒரு நாளைக்கு இருநூறு கிலோ பறிக்கிறோம். உங்களுக்கு வேணுங்கிற நாலு கிலோவுக்காக மீதி நாள்ல யாருங்க செடிக்குள்ள போவாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மண்டியை நம்பிப் பயிரிடுபவருக்கு நம்முடைய 13 கிலோ ஒரு பொருட்டாக இராது. அதுவும் ஒரே காயாக 13 கிலோ நமக்குத் தேவைப்படுவதில்லை. நான்கு கிலோ கத்தரி, மூன்று கிலோ தக்காளி, இரண்டு கிலோ வெங்காயம், ஒரு கட்டு முருங்கைக்காய், இரண்டு பிடி கறிவேப்பிலை என்றுதான் ஒரு நாளின் தேவை இருக்கும்.

எங்கள் அளவுக்கு ஏற்றவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். வீட்டுக் கொல்லையில் பத்து சென்ட், பதினைந்து சென்ட் வைத்திருக்கும் பெண்கள். வேலியோரம் இரண்டு முருங்கை, கிணற்றடியில் ஒரு பாத்தி அரைக்கீரை, கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பூசணி என்று வளர்ப்பவர்கள். மண்டிக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அவர்களிடம் விளையாது. அண்டை வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதி முற்றி வீணாகும். மகளிர் சுய உதவிக் குழுவின் வாரக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேசியபோது, பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் உழவரிடம் வாங்க வேண்டும் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் பெரிய உழவரையோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையோதான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஒரு வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து வாங்கினால் அது பொருந்தலாம். ஒற்றைப் பள்ளிக்கு, கொல்லைக்காரப் பெண்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்பது என் அனுபவம்.

அடுத்த சிக்கல் உணவுப் பட்டியல். வாரத்தின் எந்த நாளில் எந்தச் சாதம் என்பது அரசு வகுத்துக் கொடுத்தது. அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சாம்பார் சாதத்தில் எந்தக் காய் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. நான் அதுவரை பழக்கத்தால் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மட்டுமே போட்டு வந்தேன். ஒன்று கிடைக்காத நாளில் எந்த விலைக்கும் அதையே தேடிப் போவேன். பிறகு முறையைத் திருப்பிப் போட்டோம். வெள்ளிக்கிழமை மாலையில் பதினோரு பேரும் அடுத்த வாரம் தங்களிடம் என்ன, எவ்வளவு தேறும் என்று சொல்வார்கள். அதைப் பார்த்து நானும் சமையலரும் எந்த நாள் சாம்பாருக்கு எந்தக் காய் என்று எழுதுவோம். சுரைக்காய், பீர்க்கங்காய், பரங்கிக்காய், அவரை, கொத்தவரை, முள்ளங்கி என்று நான் வாங்கியே இராத காய்களெல்லாம் பள்ளிச் சமையலறைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். பிரியாணிக்கு வேண்டிய கேரட்டும் பீன்ஸும் கொடைக்கானல் மலையில் விளைபவை. உருளைக்கிழங்கும் எங்கள் மண்ணில் வராது. அவற்றைக் கடைசி வரை ஒட்டன்சத்திரத்திலேயே வாங்கினேன். எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மூன்றே மாதத்தில் இது நின்றுபோயிருக்கும்.

விலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனத்தாங்கல் எல்லாம் அங்கிருந்துதான் பிறக்கிறது. மண்டி ஏல விலை கொடுத்தால் அவர்களுக்குக் கட்டாது. கடை விலை கொடுத்தால் எனக்குக் கட்டாது. 1999இல் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகளில் மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்ட ஒரு விலையை நாள்தோறும் அலுவலர்கள் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். பழநி உழவர் சந்தையின் திங்கட்கிழமைப் பலகை விலையையே அந்த வாரம் முழுவதற்கும் எங்கள் விலையாகக் கொள்வது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதினோம். யாரோ எங்கோ அறிவித்த விலை என்பதால் பேரம் பேசும் சங்கடம் இரு தரப்புக்கும் இல்லாமல் போயிற்று. தணிக்கையின்போது காட்டுவதற்கும் ஓர் ஆதாரம் கிடைத்தது.

தக்காளிக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதவில்லை. எங்கள் பகுதியில் தக்காளி கிலோ நான்கு ரூபாய்க்கு வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகவே தக்காளிக்கு எவ்வளவு வீழ்ந்தாலும் பத்து ரூபாய், எவ்வளவு ஏறினாலும் நாற்பது ரூபாய் என்று கொடுப்பவர்கள் நால்வரோடும் பேசி வைத்தோம். விலை வீழ்ந்த நாள்களில் அரசுப் பணத்தில் சந்தை விலைக்கு மேல் கொடுக்க முடியாது என்பதால், மிகுதி ஆறு ரூபாயை, அதாவது மூன்று கிலோவுக்கு நாளொன்றுக்குப் 18 ரூபாயை, முன்னாள் மாணவர் சிலர் தந்த நன்கொடையிலிருந்து கொடுத்தோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நால்வரில் இருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி நாற்பது ரூபாய்க்கே கொடுத்தார்கள். மற்ற இருவர் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆண்டு முழுவதும் பட்ட கடனை ஒரே மாதத்தில் அடைக்கும் வாய்ப்பு ஏழைக்கு அடிக்கடி வருவதில்லை. அந்த வாரங்களில் தக்காளியைப் பாதியாகக் குறைத்து, ரசத்துக்கும் சாம்பாருக்கும் புளியைக் கூட்டிச் சமாளித்தோம்.

விலையைவிடவும் பெரிய தடை, பணம் வந்து சேரும் நாள். உணவூட்டுச் செலவினம் சில மாதங்களில் உரிய நாளில் வரும். சில மாதங்களில் ஆறு வாரம், எட்டு வாரம் கூடத் தள்ளிப்போகும். அதுவரை ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் கடன் கொடுத்தார். நான் அத்தனை ஆண்டுகள் அந்தக் கடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு உண்மையான காரணம் அந்தக் கடன்தான் என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். பத்து சென்ட் வைத்திருக்கும் பெண்ணால் எட்டு வாரம் காத்திருக்க முடியாது. முதல் ஆண்டு ஆவணி மாதத்தில் பணம் வராமல் போனபோது நான் என் கைப்பணத்தைப் போட்டுக் கொஞ்சம் கொடுத்தேன். அது தீர்ந்ததும் ஐந்து பேர் காய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். ஓர் அம்மா என்னிடம், "கடைக்காரனுக்குக் கடன் சொன்னா அவன் வட்டியைக் காய்க்குள்ள வச்சுக்குவான் டீச்சர். நான் எதுக்குள்ள வைக்கிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து பெற்றோர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் 10,000 ரூபாய் திரட்டி ஒரு சுழல்நிதி உண்டாக்கிய பிறகே அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு கிலோவுக்குச் சராசரி 20 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 5,200 ரூபாய். எனவே கிட்டத்தட்ட இரண்டு மாதத் தாமதத்தை அந்த நிதி தாங்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குப் பள்ளித் திண்ணையில் வைத்து அந்த வாரப் பணம் பட்டுவாடா செய்யப்படும். அரசுப் பணம் வந்ததும் நிதி நிரப்பப்படும். சனிக்கிழமைப் பணம் ஒருமுறைகூடத் தவறக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். நிறுத்திய ஐந்து பேரில் நால்வர் திரும்பி வந்தார்கள். இதைத் தொடங்க நினைக்கும் எவரும், காய் கேட்டு ஒரு வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே இந்த நிதியைத் திரட்டிவிடுவது நல்லது. நான் வரிசையை மாற்றிச் செய்ததால் ஓர் ஆண்டும் ஒருவருடைய நம்பிக்கையும் போயின.

கணக்கு வழக்கில் நாங்கள் பட்ட பாடும் சிறிதன்று. இரண்டாம் ஆண்டுத் தணிக்கையில், கடை ரசீது இல்லாத கொள்முதல் என்று ஆட்சேபணை எழுதப்பட்டு, விளக்கம் கொடுக்க நான் மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. பிறகு சுய உதவிக் குழுவின் பெயரிலேயே காய் வாங்குவதாக மாற்றிக்கொண்டோம். குழுவுக்கு வங்கிக் கணக்கும் முத்திரையும் இருக்கின்றன. குழு வாரம் ஒரு ரசீது கொடுக்கும். அதற்கு அடியில், யார், எந்த நாள், என்ன காய், எவ்வளவு எடை, என்ன விலை என்ற விவரத்தைக் கையெழுத்தோடு ஒரு பேரேட்டில் நான் எழுதி வைப்பேன். எடையை முத்திரையிட்ட தராசில், கொண்டுவந்தவரின் கண்முன்னால்தான் போட வேண்டும். அவசரத்தில் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு போட்ட எடையால் எங்களுக்குள் ஒருமுறை வீண்பேச்சு வந்துவிட்டது.

மருந்து விஷயத்தில் நேர்ந்ததை எழுதும்போது இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. மூன்றாம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில், சமையலர் கத்தரிக்காயை நறுக்க எடுத்தவர், காம்பில் மருந்து வாடை அடிப்பதாகச் சொன்னார். கொண்டுவந்த பெண்ணை அழைத்துக் கேட்டபோது, தண்டுத்துளைப்பான் புழுவுக்காக முந்தின நாள் காலையில்தான் கணவர் மருந்தடித்தார் என்றும், பள்ளிக்குப் பறிக்கும் நாள் என்பது அவருக்குத் தெரியாது என்றும் கண்ணீரோடு சொன்னார். அன்று கத்தரிக்காய் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, இருப்பில் இருந்த பூசணிக்காயைப் போட்டுச் சாம்பார் வைத்தோம். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்ததை அறிந்திருந்தும், காய் வாங்கும்போது மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஆண்டுகளை நான் கடத்தியிருந்தேன். அந்த வாரமே விதிகள் எழுதினோம். மருந்தடித்தால் புட்டியோடு வரும் தாளில் குறித்துள்ள காத்திருப்பு நாள்கள் அல்லது ஏழு நாள்கள், இவற்றில் எது அதிகமோ அதுவரை அந்தச் செடியிலிருந்து பள்ளிக்குக் காய் எடுப்பதில்லை. சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்ட மருந்து அடித்த பாத்தியிலிருந்து அந்தப் பருவம் முழுவதும் வாங்குவதில்லை. உரச் சாக்கிலோ மருந்து வந்த பெட்டியிலோ காய் கொண்டுவரக் கூடாது. பள்ளியே மூங்கில் கூடைகள் கொடுக்கும். மருந்தடித்த தேதியைத் தாமாக வந்து சொல்பவருக்கு அந்த வாரம் காய் எடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் முதல் வாய்ப்பு உண்டு. இந்தக் கடைசி விதிதான் மற்றவற்றுக்கெல்லாம் உயிர் கொடுத்தது, ஏனென்றால் உண்மையைச் சொன்னால் வருமானம் போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இருப்புப் பூசணிக்காய் என்று மேலே சொன்னேன். எங்கள் சமையலறையில் குளிர்பெட்டி கிடையாது. கீரை அரை நாள் தாங்கும், வெண்டை ஒரு நாள் தாங்கும். ஆனால் நன்றாக முற்றிய பூசணியையும் பரங்கியையும் காம்போடு பறித்து, தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. யாருக்காவது உடம்பு சரியில்லை, மழை, துக்க வீடு என்று காய் வராத நாள் மாதத்தில் இரண்டாவது வரும். அத்தகைய நாள்களுக்காக ஐந்தாறு காய்கள் எப்போதும் இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

யார் வீட்டுக் காய் என்ற பேச்சையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். தொடக்கத்தில், "இன்னைக்கு எங்க வீட்டுச் சுரக்கா" என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்வதைக் கேட்டு மகிழ்ந்து, கொடுத்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். இரண்டே வாரத்தில், எந்தத் தெருவிலிருந்து காய் வருகிறது என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பெற்றோர் வந்து நின்றார்கள். தலைமையாசிரியர், "காய்க்கு மண்ணும் தண்ணியும்தான் தெரியும், தெரு தெரியாது. பிள்ளைக்கும் நீங்க சொல்லிக் கொடுக்காம இருந்தா தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பெயர் எழுதுவதை நிறுத்தினேன். எடை போட்டதும் எல்லாத் தெருக் காய்களும் ஒரே கூடையில் கொட்டப்பட்டன. பெயர்கள் பேரேட்டில் மட்டும் இருந்தன.

பள்ளியின் நாள்காட்டியும் கொல்லையின் நாள்காட்டியும் ஒத்துப்போவதில்லை என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் முருங்கை காய்த்துத் தொங்கும்போது பள்ளி மூடிக் கிடக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் காய் ஆவணி, புரட்டாசியில்தான் வரும். பள்ளியோ ஜூன் மாதமே திறந்துவிடும். ஆகையால் கிணற்றுப் பாசனம் உள்ள நான்கு பேர் மட்டும் கோடையிலேயே கீரையும் கொத்தவரையும் போடுவது, மற்றவர்கள் ஆடியில் தொடங்குவது என்று பிரித்துக்கொண்டோம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைத் தேதிகளைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அச்சிட்டுக் கொடுத்தோம். மழைக்காகக் காலையில் திடீரென விடுமுறை அறிவிக்கப்பட்டால், அதற்குள் பறித்துவிட்ட கீரைக்கு மட்டும் பள்ளி பணம் கொடுத்துவிடும். கத்தரியும் சுரையும் மறுநாள் வரை பொறுக்கும்.

கீரையைப் பிள்ளைகள் முதலில் ஒதுக்கினார்கள் என்பது உண்மை. முருங்கைக்கீரையைப் பருப்போடு கூட்டாக வைத்தபோது பாதி தட்டுகளில் அப்படியே இருந்தது. நிறையப் பூண்டு தட்டிப் போட்டு, பொடியாக அரிந்து, சாதத்தோடு கிளறிக் கொடுத்தபோது மிச்சம் வரவில்லை. கறிவேப்பிலைச் சாதத்துக்கு அன்று காலையில் பறித்த இலை வந்தபோது ஏற்பட்ட வாசனை வேறுபாட்டை, நான் சொல்லாமலேயே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிரேசில் நாட்டில் பள்ளி உணவுக்கு நடுவணரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடம் வாங்குவதற்கே செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டம் இயற்றினார்கள். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்திருந்தால் மூன்று முறை அலைந்து விளக்கம் கொடுக்க வேண்டியிருந்திராது என்று எண்ணிக்கொள்வேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபோது, அதைச் சமைக்கும் பொறுப்பு சுய உதவிக் குழுப் பெண்களிடமே கொடுக்கப்பட்டது. உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் வைக்கும் சாம்பாருக்குக் காய் தேடி அவர்கள் வெளியே போகவில்லை. கொல்லைக்காரர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டு பதினாறாக உயர்ந்தது.

2024 மே மாதத்தில் நான் பொறுப்பை ஒப்படைத்தேன். புதிதாக வந்த தங்கையிடம் சாவிக் கொத்தோடு பேரேட்டையும், பதினாறு பேரின் தொலைபேசி எண்களையும், யார் எந்த மாதத்தில் எதை விதைப்பார்கள் என்று எழுதிய அட்டையையும், சுழல்நிதியின் மீதி 8,640 ரூபாய்க்கான வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தேன். பலகைமேல் ஏழு பூசணிக்காய்கள் இருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, கோடை முடிவதற்குள் கெட்டுப்போகாதா என்று அவர் கேட்டார். காம்பு இருக்கும் ஐந்தை ஜூனுக்கு வைத்துக்கொண்டு, காம்பு உடைந்த இரண்டை மட்டும் சமையலரிடமும் உதவியாளரிடமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.